கட்டடத்தின் கஷ்டமான ஒரு மணி நேரம்

வீடு கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை ரூம் வேண்டும் என்பதை அல்ல. எந்த நேரத்தில் அந்தக் கட்டடம் மிகவும் திணறும் என்று கேட்பேன். பலர் புரியாமல் பார்ப்பார்கள். கையோடு கொண்டுவந்த போனில் பெங்களூரில் எங்கோ பார்த்த எலிவேஷன் படம் இருக்கும். கண்ணாடி, கிரில், தொங்கும் பெட்டி மாதிரி ஒரு பால்கனி. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு டிசம்பர் காலையில், ஆள் இல்லாதபோது எடுத்த படம். கட்டடம் வாழப்போவது மே மாத மதியத்திலும், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும், ஆனி முகூர்த்தத்திலும்.

இந்த அத்தியாயம் பர்கூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஈரோடு மாவட்டத்து மலையில், மாட்டுக்குப் பேர்போன பர்கூர் வேறு. இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். நெடுஞ்சாலையும் ஜவுளிக்கடைகளும் கிரானைட் பட்டறைகளும் சிப்காட் தொழிற்பேட்டையும் ஒன்றாக நெருக்கும் ஊர். இங்கே ஒரே தெருவில் மூன்று வகைக் கட்டடமும் எழுகின்றன: குடியிருக்க வீடு, வியாபாரத்துக்குக் கடையும் கோடவுனும், ஊர்ப் பொதுவுக்கு மண்டபமோ சமுதாயக் கூடமோ. மூன்றுக்கும் கம்பியும் சிமென்ட்டும் ஒன்றுதான். திணறும் நேரம்தான் வேறு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வரைபடம் தானாக அமைந்துவிடும்.

மனையைப் பார்க்கும் விதம்

காகிதத்தில் கோடு போடும் முன் மனையில் போய் நில்லுங்கள். ஒரு தடவை போதாது. காலையில் ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை. மூன்றாவது தடவைதான் முக்கியம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்பதைக் கோடைக்காலத்து மனை சொல்லாது.

மண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தப் பகுதியில் பாறை பல இடங்களில் மேலேயே கிடக்கும். மனையின் ஒரு மூலையில் மூன்றடியில் பாறை, எதிர் மூலையில் எட்டடி வரை செம்மண் என்று இருப்பது இங்கே அபூர்வமில்லை. பாறை கிடைத்துவிட்டது என்று மேஸ்திரி சந்தோஷப்படுவார். அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். பாறைமேல் உட்கார்ந்த பில்லர் அசையாது, மண்மேல் உட்கார்ந்த பில்லர் கொஞ்சம் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவர்தான் விரிசல் விடும். எல்லா மூலையிலும் குழி எடுத்துப் பார்த்த பிறகே ஃபூட்டிங் வரையச் சொல்லுங்கள். இரண்டு மாடிக்கு மேல் போகிற எந்தக் கட்டடத்தையும் மண் பரிசோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மண் பரிசோதனைச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களை நான் சந்திக்கிறேன்.

தாள்களிலும் அதே கவனம் வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கம் மூன்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். எஃப்.எம்.பி. என்ற புல அளவு வரைபடத்தையும் கிராமத்து ‘அ’ பதிவேட்டையும் பார்ப்பவர்கள் குறைவு. ஏரி, வாய்க்கால், ஓடை எதன் மேலாவது மனை ஏறியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். பத்தாண்டு வறட்சியில் ஓடை காணாமல் போயிருக்கலாம். ஒரு நல்ல ஐப்பசி மழையில் அது தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வரும். அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் மனை இருந்தால், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் உருவான லேஅவுட்டா, அது வரன்முறை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வீடு: மே மாதம், மாலை நாலு மணி

பர்கூர் ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வீட்டின் பாதி முடிவுகளை எடுத்துவிடலாம். டிசம்பர் கடைசியில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து, சுமார் 54 பாகை உயரத்தில் வரும். தெற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேட் போட்டால் அதன் நிழல் இரண்டே முக்கால் அடி கீழே இறங்கும். தெற்குப் பக்கத்தை ஒரு சாதாரண சன்ஷேட்டே பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்குச் சுவர் எப்போதும் குளிர்ச்சி என்ற நினைப்பு கோடையில் பலிக்காது. வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் தேவை.

உண்மையான சிக்கல் மேற்கு. மே மாதம் நாலு மணிக்குச் சூரியன் 35 பாகை உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் நிற்கும். அதே 2 அடி சன்ஷேட் அப்போது ஒன்றரை அடி நிழல்தான் தரும். 4 அடி ஜன்னலில் இரண்டரை அடிக்கு வெயில் நேரே உள்ளே விழும். ஐந்து மணிக்கு அந்த நிழலும் பாதியாகிவிடும். ஆகவே மேற்குச் சுவரில் படுக்கையறையை வைக்காதீர்கள். மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம், அலமாரிச் சுவர் இவற்றை வரிசையாக மேற்கில் நிறுத்துங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். வீட்டு மனிதர்கள் கிழக்கிலும் வடக்கிலும் இருப்பார்கள். மேற்கு பார்த்த மனை என்றால் முன்பக்கம் ஆழமான திண்ணையோ வராந்தாவோ வையுங்கள். 6 அடிக்குக் குறையக் கூடாது. வாசலில் ஒரு புங்கமரம் நடுங்கள். நாலைந்து வருடத்தில் அது செய்கிற வேலையை எந்த ஏ.சி.யும் செய்யாது.

கல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாரடைசோ என்ற பெயரில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் செந்நீலச் சாயல் கிரானைட் இந்தப் பகுதியின் மண்ணிலிருந்துதான் போகிறது. கல் நம் கையருகே மலிவாகக் கிடைப்பதால் எல்லாவற்றையும் கல்லிலேயே கட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அஸ்திவாரத்துக்கும் பேஸ்மட்டத்துக்கும் கருங்கல்லை மிஞ்சியது இல்லை. வராந்தாத் தூண், ஜன்னல் பலகை, சமையல் மேடை, காம்பவுண்டு வேலித் தூண் எல்லாம் கல்லில் நிற்கட்டும். ஆனால் மேற்குப் பக்கத்தில் ஒன்றரை அடி தடிமனில் கல் சுவர் எழுப்பினால் பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் அதை விடும். தூங்கும் நேரத்தில் சுவர் சுடும். செங்கல் சுவர் என்றால் எலிப்பொறிக் கட்டு முறையைக் கேட்டுப் பாருங்கள். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பல பத்தாண்டுகள் கட்டிக் காட்டிய முறை. செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். பழக்கமில்லாத கொத்தனார் முகம் சுளிப்பார். இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும்.

தரைக்குக் கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கிப் பதிப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். செலவு குறையும், ஆயுசுக்கும் உழைக்கும். படிக்கும் குளியலறைக்கும் வெளி வாசலுக்கும் மட்டும் பாலிஷ் போட்ட கல் வேண்டாம். ஈரக்காலோடு வழுக்கி இடுப்பெலும்பு உடைந்த ஒரு பெரியவருக்கு அந்தப் பளபளப்பு எதற்கு? நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய கல்லும் அதே பட்டறையில் கிடைக்கிறது.

மொட்டை மாடியை மறக்காதீர்கள். கோடையில் வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரிய பங்கு கூரை வழியாகத்தான் வருகிறது. காங்கிரீட் மேல் சுருக்கிக் கலவை போட்டுத் தட்டோடு பதிப்பது நம் ஊர்ப் பழைய வழக்கம். இன்றைக்கும் அது நிற்கிறது. அதற்கு வசதியில்லாதவர்கள் வெள்ளைப் பூச்சாவது அடித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து தண்ணீர். வீட்டுக்குத் திணறும் நேரம் இன்னொன்று உண்டென்றால் அது குழாயில் தண்ணீர் வராத நாள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வளைவும் கொண்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. வீடுகளில் நடப்பது என்ன? ஒகேனக்கல் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. காவிரியிலிருந்து அத்தனை தூரம் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீரை வாசலில் வைத்துக் கெடுத்துவிடுகிறோம். இதற்குத் தீர்வு வரைபடத்திலேயே இருக்கிறது. இரண்டு சம்ப், இரண்டு மேல்நிலைத் தொட்டி, இரண்டு குழாய் வழி. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. கட்டும்போதே செய்தால் கூடுதல் செலவு சிறியது. கட்டிய பிறகு சுவரை வெட்டிச் செய்தால் பெரியது.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் அது அனுமதிக்காகப் போட்ட ஒரு குழாய்த் துண்டாகவே நின்றுவிட்டது. கணக்கைப் பாருங்கள். பத்து சதுரக் கூரை, அதாவது 1,000 சதுர அடி, ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 60,000 லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரி ஐந்து. அதை ஒரு தனித் தொட்டியில் முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடித்தால், ஃபுளோரைடு இல்லாத தண்ணீர் சொந்தக் கூரையிலிருந்தே வருகிறது.

வாஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எது பேசும் குடும்பமாக இருந்தாலும் வாஸ்து பார்க்காமல் கட்டுவதில்லை. சண்டை போட்டு ஜெயிக்க வேண்டிய விஷயமாக இளம் பொறியாளர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்னி மூலையான தென்கிழக்கில் சமையலறை வைப்பதில் குற்றமில்லை. ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து வரும்போது புகை வீட்டுக்குள் திரும்பாமல் கிழக்கே போய்விடும். கன்னி மூலையான தென்மேற்கில் கனமான அறை என்பதும் வெயிலுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அங்கேதான் பெரியவர்கள் படுக்க வேண்டும் என்றால், மேற்குச் சுவரில் அலமாரியை நிறுத்தித் தடிமனாக்கி, ஜன்னலைத் தெற்கில் திறங்கள். வீட்டுக்காரரின் நம்பிக்கையும் கெடாது, அவர் தூக்கமும் கெடாது.

2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியில் அனுமதி வாங்க முடிகிறது. வசதிதான். ஆனால் சான்று உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையது. பக்க இடைவெளியை விழுங்கிக் கட்டினால் காற்றும் போகிறது, பின்னால் சட்டமும் வருகிறது.

லைன் வீடு: ஷிப்ட் மாறும் நேரம்

சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி லைன் வீடு கட்டுகிறவர்கள் இப்போது அதிகம். பத்துக்குப் பத்து அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி, ஒரே பக்கம் கதவும் ஜன்னலுமாக. எதிர்ச் சுவரில் திறப்பில்லாத அறைக்குள் காற்று நுழையாது; நுழைந்த காற்றுக்குப் போகவும் வழியில்லை. இரண்டு வரிசைகளுக்கு நடுவே நாலடிச் சந்து விட்டு ஒவ்வொரு அறைக்கும் பின்ஜன்னல் கொடுங்கள். அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும் அரைமணி நேரத்தில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று எண்ணிக் குளியலறைகளை முடிவு செய்யுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் அறை மேற்கில் வேண்டாம். தொழிலாளர் குடியிருப்பை அரசே பெரிய அளவில் செய்ய முடியும் என்பதற்கு, 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்குச் சிப்காட் திறந்த விடுதி சான்று. தனியார் கட்டும் பத்து அறைக்கும் அதே மரியாதை வேண்டும்.

கடையும் கோடவுனும்: தீபாவளிக்கு முந்தைய வாரம்

பர்கூரைக் குட்டி சூரத் என்று சொல்வார்கள். ஆந்திரா, கர்நாடகா எல்லையோரத்திலிருந்து வியாபாரிகளும் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும் குடும்பங்களும் வந்து குவியும் ஊர். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் ஒரு துணிக்கடையைக் கவனித்தால் அதன் வரைபடத்தில் இருக்கும் எல்லாத் தப்பும் தெரியும். வாசலில் வாடிக்கையாளர் ஏறுகிறார். அதே வாசலில் பேல் இறங்குகிறது. அதே படியில் ஒருவர் துணிக்கட்டைத் தலையில் வைத்து மாடிக்கு ஏறுகிறார், மேலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்குகிறார். சரக்குக்கும் மனிதருக்கும் வழி வேறாக இருக்க வேண்டும். குறுகிய முகப்பு, நீண்ட ஆழம் கொண்ட மனையில் இது முடியாது என்பார்கள். பக்கவாட்டில் 5 அடி விட்டாலும் போதும். பின்னால் சரக்குப் படியோ சாதாரண சரக்கு லிஃப்ட்டோ வைக்கலாம். அந்த 5 அடியே ஆபத்து நேரத்தில் இரண்டாவது வழியாகவும் ஆகும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் அடிக்கோடிடச் சொல்வேன் என்றால், அது எடைக் கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு அறைத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்கு வடிவமைக்கிறோம். சில்லறைக் கடைக்கு 400 கிலோ. சரக்குக் கோடவுனுக்கு அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 240 கிலோ, எப்படியும் 750 கிலோவுக்குக் குறையாமல். 4 மீட்டர் உயரம் அடுக்கினால் 960 கிலோ. அதாவது வீடாகக் கட்டிய மாடியைக் கோடவுனாக மாற்றினால், அது தாங்க வேண்டியதைப் போல நாலைந்து மடங்கு சுமையை ஏற்றுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரி என்னை அவசரமாகக் கூப்பிட்டார். அப்பா காலத்தில் குடியிருக்கக் கட்டிய வீட்டின் மேல்மாடியில் பேல் பேலாகப் புடவை அடுக்கியிருந்தார். கீழே ஹாலின் பீமில் நடுவில் மயிரிழை விரிசல்கள், அடியில் லேசான தொய்வு. பீமுக்கு நேர் கீழே அவர் அம்மா கட்டில் போட்டுப் படுத்திருந்தார். “ஒரு பூச்சு பூசிட்டா போதும்னு மேஸ்திரி சொன்னாருங்க சார்” என்றார். அன்று சாயங்காலத்துக்குள் சரக்கை இறக்க வைத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன். விரிசல் என்பது கட்டடம் பேசும் மொழி. அதைப் பூசி மறைப்பது நோயாளியின் வாயைப் பொத்துவது.

தீயைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. ஏனென்றால் உதாரணங்கள் நம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஒட்டியிருந்த கட்டடங்களும் இடிந்தன. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசு இறக்கும்போது கடையும் கோடவுனும் ஒன்றாக எரிந்து பதினான்கு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். தீபாவளி சீசன் வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் அவர்களில் பலர். துணி வெடிக்காதுதான். ஆனால் புகையும், அதுவும் மணிக்கணக்கில் புகையும். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை தீப்பிடித்தபோது ஒரு நாளுக்கு மேல் தீயை அடக்க முடியவில்லை. புகை வெளியேறச் சுவரைத் துளைக்க வேண்டியிருந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, கடைசியில் முழுவதையும் இடித்தார்கள்.

முகப்பு முழுக்கக் கண்ணாடியோ விளம்பரப் பலகையோ போட்டு மூடினால் புகைக்கு வழியில்லை என்பதைத்தான் அந்தத் தீ காட்டியது. ஒவ்வொரு மாடியிலும் முன்னும் பின்னும் திறக்கக்கூடிய ஜன்னல் வையுங்கள். மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பு வேண்டாம் என்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு: மாலை வெயிலில் ஷோகேஸ் பட்டு இரண்டு வாரத்தில் நிறம் மங்கும். கடைக்கும் கோடவுனுக்கும் நடுவே முழு உயரச் செங்கல் சுவரும் இரும்புக் கதவும் வேண்டும். ஒரு மாடிக்கு இரண்டு படி; ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம். மெயின் ஸ்விட்ச் வாசலருகே, சரக்கு அடுக்காத இடத்தில். சமையல் சிலிண்டர், ஊழியர்களுக்கு டீ போட என்றாலும், கோடவுன் இருக்கும் கட்டடத்துக்குள் கூடாது. படிக்கட்டின் அடியில் அட்டைப் பெட்டி அடுக்கும் பழக்கத்தை முதலாளியே நிறுத்த வேண்டும். எந்த வரைபடத்தாலும் அதை நிறுத்த முடியாது.

மண்டபம்: முகூர்த்த நேரம்

கல்யாண மண்டபமும் சமுதாயக் கூடமும் வருடத்தில் பெரும்பாலான நாள் காலியாக இருக்கும். அதனால் அவற்றைக் காலியாக இருக்கும் நாளின் அழகுக்காக வரைந்துவிடுகிறார்கள். ஆனி மாத முகூர்த்தத்தில் காலை ஏழு மணிக்கு அங்கே என்ன நடக்கும்? ஹாலில் தாலி கட்டுவதைப் பார்க்க எல்லோரும் முன்னால் நெருங்குகிறார்கள். பந்தியில் அடுத்த வரிசைக்கு நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிறார்கள். கழிவறை வாசலில் பெண்கள் வரிசை. நெடுஞ்சாலையில் கார்கள் உள்ளே திரும்பக் காத்து நிற்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. நாற்காலி போட்ட ஹாலில் ஒருவருக்கு 0.6 சதுர மீட்டர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கிடுகிறது. 3,000 சதுர அடி ஹாலில் அப்படிப் பார்த்தால் 460 பேருக்கு மேல். பந்திக்கு ஒருவருக்கு ஒன்றரை சதுர மீட்டர். ஒரு பந்தியில் 200 பேர் என்றால் 300 சதுர மீட்டர். தளம் தாங்க வேண்டியது சதுர மீட்டருக்கு 500 கிலோ. மேல்மாடியில் ஹால் வைத்தால் படியின் அகலம் 2 மீட்டர், அதுவும் இரண்டு படிகள், ஒன்றுக்கொன்று எதிர்ப் பக்கத்தில்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனார்கள். இரண்டு இடத்திலும் கூரை எரிந்தது, வெளியேறும் வழி போதவில்லை. மாடியில் பந்தல் போடும் தேவையே வராதபடி மண்டபத்தை வரையுங்கள். இடம் போதாமல்தான் மாடியில் பந்தல் போடுகிறார்கள். பந்தி தரைத்தளத்தில், தனிக் கட்டடமாக. சமையலறை அதற்கும் பின்னால், இடையில் திறந்தவெளி விட்டு. சிலிண்டர் வெளியே, கம்பி வலைக்குள். எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் எதுவும் பூட்டியிருக்கக் கூடாது. நம் கல்யாணங்களுக்கு மூன்று மொழிக்காரர்கள் வருகிறார்கள். வெளியேறும் வழிக்கு எழுத்தை நம்பாமல், ஓடும் மனிதன் படம் போட்ட பச்சை விளக்கை மாட்டுங்கள்.

முதியவர்கள் வருகிற இடம் இது. தரைமட்டத்திலிருந்து பேஸ்மட்டம் இரண்டரை அடி என்றால், 12-க்கு 1 என்ற சரிவில் 30 அடி நீளச் சாய்தளம் வேண்டும். கட்டி முடித்த பிறகு பத்தடிக்குள் செங்குத்தாகப் போடுவது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். அந்த 30 அடியை முதல் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். பெண்களுக்குக் கழிவறை ஆண்களுக்கு இருப்பதைவிட அதிகமாக வேண்டும். சமமாக வைத்தால் வரிசை பெண்கள் பக்கம்தான் நீளும். பாலூட்ட ஒரு அறை, மணமகள் அறையை ஒட்டிக் குளியலறை, கை கழுவ உயரத்தில் ஒன்று, குழந்தைகளுக்குத் தாழ்வாக ஒன்று. குடிக்க ஒகேனக்கல் குழாய் தனியாக. ஊர்ப் பொதுவுக்குக் கட்டும் அங்கன்வாடிக்கும் நூலகத்துக்கும் இதே குடிநீர் விதி. அங்கன்வாடிக்கு முதல் தேவையே அதுதான்.

நெடுஞ்சாலை ஓர மண்டபங்களுக்கு இன்னொரு விதி. கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜா போகும் 48-ஆம் எண் சாலையில் வண்டிகள் நிற்காத வேகத்தில் வரும். கேட்டைச் சர்வீஸ் ரோட்டில் வையுங்கள். உள்ளே குறைந்தது பத்துக் கார் வரிசையில் நிற்க 50 மீட்டர் நீள வழியை விட்டு, அதன் பிறகு பார்க்கிங். கேட்டிலேயே காரை நிறுத்தி மணமகன் வீட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தால், பின்னால் சாலையில் விபத்து நடக்கும்.

வேலை தொடங்கும் முன், முடிந்த பின்

வரைபடம் வரையக் கொடுக்கும் முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: கட்டடத்துக்கு மிகவும் கஷ்டமான நேரம் எது, அப்போது உள்ளே எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு தண்ணீர், எத்தனை வண்டி. பிறகு அந்தத் தாளை வரைபடம் வரைந்தவர் முன் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் வரைபடத்தில் எங்கே பதில் இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத இடத்தில் கோடு மாறட்டும். காகிதத்தில் மாற்ற ஒரு ரப்பர் போதும்.

கட்டி முடித்ததும், உண்மையில் போட்ட கம்பியையும் குழாயையும் ஒயரையும் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கோடவுனின் ஒவ்வொரு மாடிச் சுவரிலும், படி முடியும் இடத்தில், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் பெயின்டால் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த மாடியில் சரக்கு ஏற்றப்போகிறவருக்கு அதைச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.